கட்டாத அணைக்குத் திறப்பு விழா

வரைபடத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒளிவளநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே யார் வீட்டில் மின்சாரம் அதிகம் செலவாகிறதோ, அவருக்கே ஆண்டுதோறும் அரசர் கையால் பொன்னாடை. ஆகவே ஆளில்லாத அறைகளிலும் மின்விசிறி சுற்றியது. நண்பகலில் தெருவிளக்கு எரிந்தது. மின்சாரம் போதாமல் போனதும், விளக்கை அணைப்பது தேசத்துரோகம் என்று ஆணை வந்தது. மின்வெட்டு இரட்டிப்பானது. உடனே, மூங்கிலடி என்ற ஊரை மூழ்கடித்து அணை கட்டி, மின்சாரம் எடுப்பதென்று முடிவானது.

அந்த ஊரில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டிப் பிழைத்தவள் செல்லக்கிளி. அப்படிச் சேர்த்த காசில் வாங்கிய ஒன்றரை ஏக்கரும் அங்கேதான் இருந்தது. நேரே அரசவைக்குப் போய் நின்றாள்.

"மகாராசா, எங்க ஊரைத் தண்ணியில முக்கிடாதீங்க. நம்ம பம்புசெட்டெல்லாம் பாட்டன் காலத்து மோட்டாரு. இழுக்கிற கரண்டுல பாதி சூடாத்தான் போகுது. அதை மாத்தினா, அணையில வர்ற கரண்டு இங்கயே கிடைச்சிடும்."

"செலவு?" என்றார் அரசர்.

"ஆகும், பொய் சொல்ல மாட்டேன். புது மோட்டாரு விலை ஜாஸ்திதான். ஆனா அணைக்கு ஆகுறதுல கால்வாசிகூட வராது."

மின்துறை அமைச்சர் பேரொளியார் எழுந்தார். "மன்னா! அணை என்றால் ரிப்பன் வெட்டலாம். மோட்டாரை மாற்றிவிட்டு எதை வெட்டுவது? திறப்பு விழா நடத்த முடியாதது எப்படித் திட்டமாகும்?"

அவை கைதட்டியது. ஆனால் அடிக்கல் நாட்ட நல்ல நாள் ஆறு மாதம் தள்ளித்தான் இருந்தது. அதுவரை முயன்று பார்க்கட்டும் என்று, விழாப் பந்தலுக்கு ஒதுக்கிய பணத்தை அரசர் அவளிடம் கொடுத்தார். அந்நாட்டுப் பந்தல்களை அறிந்தவர்களுக்கு, அது போதுமானதாக இருந்ததில் வியப்பிருக்காது.

அவளை மெச்சாமல் எனக்கு எழுத வரவில்லை. ஊர் ஊராகப் போய், பொன்னாடைக்கு ஆசைப்பட்டவர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே மோட்டார்களை மாற்றினாள். விரலெல்லாம் கிரீஸ் கறை. ஆறாம் மாதம் மின்வெட்டு நின்றது. அணை தேவைப்படவில்லை.

பேரொளியார் அசரவில்லை. குறித்த நாளில் வந்து, அவள் வயல் வரப்பில் கல் நட்டு, ரிப்பன் வெட்டினார். "அமைச்சரின் தொலைநோக்கால் தேவையற்றுப்போன அணை" என்று கல்லில் பொறித்திருந்தது. கீழே நாற்பது பெயர்கள். செல்லக்கிளியின் பெயர் இல்லை.

அவள் கல்லை ஆட்டிப் பார்த்தாள். "ஐயா, இது அசையாதுல்ல?"

"நூறாண்டு நிற்கும்!" என்றார் அமைச்சர் பெருமையோடு.

அவள் வீட்டுக்குப் போய், எருமையை ஓட்டிவந்து அதில் கட்டினாள்.