உப்புப் போட்ட மேகம்

தலைச்சோலை,
வெள்ளிக்கிழமை.

இயேசு மரி சூசை துணை. (எனக்கு மட்டும். மிளகுக்கு யாரும் துணையில்லை.)

சேலத்துக் கல்யாண வீடுகளின் தலைக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டுப் புகழோடு வாழும் செபாஸ்டின் மாமாவுக்கு, அக்கா மகள் ஜோஸ்லின் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நான் நலமில்லை. என் போன் அம்மாவின் பீரோவுக்குள் நலம். அதனால்தான் கடிதம், சாயங்காலச் சேலம் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

மாமா, காப்பிச் செடியில் மொட்டு வந்து காத்திருக்கிறது. இந்த மாதத்துக்குள் ஒரு பூ மழை பெய்தால்தான் விரியும். இல்லையென்றால் காய்ந்து உதிரும், அடுத்த அறுவடை அம்போ. கோயிலில் அப்பா மழை வேண்டி முழங்காலில் நிற்கிறார். பக்கத்திலேயே அம்மா, முற்றத்து மிளகு காயும்வரை மழை வேண்டாமென்று முழங்காலில் நிற்கிறார். ஆண்டவர் யார் பேச்சைக் கேட்பார்? குழம்பிப்போய் வெறும் மேகமூட்டத்தை மட்டும் அனுப்புகிறார். அவருக்கு ஒத்தாசை செய்யலாமென்று போனில் படித்தேன். குளிர்ந்த மேகத்துக்கு வெள்ளி அயோடைடு தூவுவார்களாம், அதைப் பிடித்துக்கொண்டு பனித்துகள் வளருமாம். மற்ற மேகத்துக்கு உப்புத்தூளே போதுமாம், அது ஈரத்தை இழுத்துத் துளியைப் பெருக்குமாம். விமானம் வேண்டும் என்றும் போட்டிருந்தது. எதுக்கு மாமா? நம்ம ஊர் மேகம்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஊட்டுக்குள் வந்து போகிறதே! கல்லுப்பை மிக்ஸியில் மாவாக அரைத்து, மாடியில் டேபிள் ஃபேனைப் போட்டு, நேற்று மாலை வந்த மேகத்தின் முகத்திலேயே தூவினேன். காற்று திரும்பிவிட்டது. மொத்த உப்பும் கீழே மிளகின் மேல்! ராத்திரி முழுக்க ஈரத்தை இழு இழுவென்று இழுத்து, காலையில் பார்த்தால் மிளகெல்லாம் குளித்துவிட்டு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

"ஏனுங்க, மிளகு உப்புக் கரிக்குதுங்க!"

"மிளகு எப்படிப் புள்ள கரிக்கும்? நாக்கு செத்துப்போச்சா?"

"உங்க மவளைக் கேளுங்க! மிக்ஸியும் கரிக்குது, ஃபேனும் நின்னுபோச்சு!"

மிளகு முழுவதையும் கழுவித் திரும்பக் காயப்போடுவது என் தண்டனை. கழுவும் இடத்துக்கு அப்பா மெதுவாக வந்தார்.

"ஏங்கண்ணு, உப்பு நெசமாலுமே நொம்ப ஈரம் இழுக்குதா?"

"நீங்களே பாத்தீங்களேப்பா."

"மேகத்துக்கு உள்ளாறயே கொண்டுபோய்ப் போட்டா?"

"அதுக்கு ட்ரோன் வேணுங்கப்பா."

"உங்க மாமங்கிட்ட இருக்குதில்ல… அம்மா காதுல போட்டுறாத சாமி."

ஆகவே, ஞாயிறு காலை அம்மா பூசைக்குப் போனதும் ட்ரோனோடு வரவும். உப்பு எங்கள் பொறுப்பு. அத்தைக்கு என் அன்பு. ட்ரோனின் நாலு இறக்கைக்கும் ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு,
மேகத்துக்கு உப்புப் பார்த்த மருமகள்
ஜோஸ்லின்

பி.கு.: ட்ரோன் வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போதே தகரத்தில் படபடவென்று மழை. அப்பா குடைகூட இல்லாமல் காப்பித் தோட்டத்துக்குள் ஓடிவிட்டார். நானும் அம்மாவும் அள்ளி வந்த மிளகு, நீங்கள் வந்தால் படுக்கும் கட்டிலில் படுத்திருக்கிறது. டேபிள் ஃபேன் மட்டும் கொண்டு வரவும். இது என் மழைதானா என்று நாக்கை நீட்டிப் பார்த்தேன், உப்பில்லை. ஆனால் மிளகு அள்ளிய அவசரத்தில் முதல் துளியை விட்டுவிட்டேன் மாமா. இந்த மேகம் அடிவாரம் இறங்கிச் சேலம் பக்கம்தான் வருகிறது. உடனே மொட்டை மாடிக்குப் போய் வாயைத் திறந்து நிற்கவும்.