‘அப்பா’ என்றொரு ஃபோல்டர்

கணினி நம்மிடம் “நிச்சயமாகவா?” என்று கேட்டால் யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. வீட்டில் ஏதாவது கேட்டால் காதில் விழாமலே “ம்” கொட்டுவோமே, அதே வேகத்தில் “ஆம்” என்பதை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அப்படி நான் அழுத்திய ஓர் “ஆம்”, கிள்ளானில் ஒரு மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் போய் வெடித்தது.

என் மாமனாருக்கு எழுபது வயது நிறைந்த சமயம் அது. பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் (அலுவலகத்திலிருந்துதான் ஓய்வு, மேற்பார்வையை அவர் இன்னும் விடவில்லை). அவருடைய ஒரே மகள் யோகா என் மனைவி. அப்பாவின் வாழ்க்கையைப் படங்களாகக் கோத்து, பாட்டுப் போட்டு, அவருடைய அக்கா கிள்ளான் பெரியத்தையைப் பேச வைத்துப் பதிவு செய்து, விழாவில் காட்ட ஒரு வீடியோ தயாரித்துக்கொண்டிருந்தாள். பூச்சோங்கில் எங்கள் வீட்டுக் கணினி முன்னால் வாரக்கணக்கில் தவம்.

வீடியோ முடிந்தது. விழாவுக்கு முதல் நாள் காலையில் கணினி படுத்துக்கொண்டது. முழுசாகப் படுக்கவில்லை, ஒரு சன்னலைத் திறக்கச் சொன்னால் ஒரு கோப்பை தே தாரிக் குடித்து முடிக்கும்வரை யோசித்தது. பூ அலங்காரத்தைப் பார்க்கக் கிள்ளானுக்குக் கிளம்பிய யோகா, “நீங்க ஒண்ணும் ரிப்பேர் பண்ண வேணாம்லா. ‘அப்பா’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அத மட்டும் பென்டிரைவ்ல காப்பி பண்ணிருங்க” என்றாள்.

சொன்னதை மட்டும் செய்பவனாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. வன்தட்டில் உள்ள அத்தனையையும், குப்பை உட்பட, அப்படியே ஒரே கோப்பாகப் படியெடுத்து வெளியே வைத்துக்கொள்ளும் மென்பொருள். பிற்பாடு கணினிக்கு ஏதாவது ஆனால் அந்தப் படியைத் திரும்ப இறக்கினால் (‘ரிஸ்டோர்’ என்பார்கள்) போதும், படியெடுத்த நாளில் இருந்தபடியே எழுந்து நிற்கும். கோவிட் காலத்தில் வீட்டைவிட்டு வெளியே போக முடியாமல் கிடந்தபோது அப்படி ஒரு படி எடுத்து, இன்னொரு டிஸ்க்கில் போட்டு, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்து மாட்டினேன். ‘இந்தத் தட்டில் இப்போது உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும். நிச்சயமாகவா?’ என்று சிவப்பு எழுத்தில் கேட்டது.

நிச்சயமாக.

வேலை முடிந்ததும் கணினி பள்ளிக்கூடப் பையனைப் போலத் துள்ளி எழுந்தது. திரையில் எப்போதோ மாற்றிவிட்ட போர்ட் டிக்சன் கடற்கரைப் படம் திரும்ப வந்திருந்தது. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கோ ஒரே பெருமை. அதோ, ‘அப்பா’ என்று ஒரு ஃபோல்டர். உள்ளே ஒரு வீடியோ. பென்டிரைவில் ஏற்றினேன். போட்டுப் பார்த்தீர்களா என்று யோகா போனில் கேட்டதற்கு, பார்க்காமலா என்றேன்.

மறுநாள் மண்டபத்தில் விளக்குகளைக் குறைத்தார்கள். யோகா மைக்கைப் பிடித்து, எங்க அப்பாவோட எழுபது வருஷம் இது என்று தழுதழுத்தாள். பெரியத்தை கைக்குட்டையைத் தயாராக எடுத்துக்கொண்டார்.

திரையில் எங்கள் சமையலறை தெரிந்தது. நடுவில் நான்.

கட்டம் போட்ட சாரோங்கை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டி, தோளில் துண்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. திறந்திருந்த குளிர்ப்பெட்டியைக் காட்டி, அச்சு அசல் மாமாவின் குரலில், “இத தொறக்க ஒரு ஆளு, மூட ஒரு ஆளா? எங்க ஆபீஸ்ல இப்படி இருந்தா பைல் நடக்குமா?” என்றேன்.

நாலைந்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று எங்கள் வீட்டுக்கு வந்த மாமா, ஊரடங்கில் மாட்டி மாதக்கணக்கில் தங்கும்படி ஆனது. அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் எடுத்து, அப்போதும் ‘அப்பா’ என்றே ஒரு ஃபோல்டரில் யோகா போட்டு வைத்த வீடியோ இது. அவர் வீடு திரும்பியதும் மனசாட்சி உறுத்தி அழித்துவிட்டேன். நான் படியெடுத்ததோ அதற்கு முன்னால். செத்ததையும் சேர்த்து எழுப்பி உட்கார வைத்திருந்தது அந்த மென்பொருள். போதாக்குறைக்கு, கேமராவுக்குப் பின்னாலிருந்து யோகாவின் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அடையாளம் தெரியாதவர் மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

ஓடிப்போய்க் கையில் கிடைத்த ஒயரைப் பிடுங்கினேன். மின்விசிறிகள் நின்றன. அந்த அமைதியில் என் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

மாமா எழுந்தார். “நிப்பாட்ட வேணாம்” என்றார். இடுப்பில் கைவைத்துக் கடைசிவரை பார்த்தார். பிறகு மேடைக்கு வந்து மைக்கை வாங்கினார்.

“மாப்பிள்ளே, கண்ணாடிய அவ்வளவு கீழ எறக்க மாட்டேன். விழுந்துரும்லா. இப்படி.”

கண்ணாடியைச் சரியான இடத்துக்கு இறக்கி, அந்தக் குளிர்ப்பெட்டிப் பேச்சை முதலிலிருந்து அவரே நடித்துக் காட்டினார். ‘பைல்’ என்ற இடத்தில் குரல் ஏற வேண்டுமாம், நான் ஏற்றவில்லையாம். மண்டபம் குலுங்கியது. அத்தை, அதாவது என் மாமியார், கண்ணில் நீர் வரச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

யோகா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது காரில், “என்னோடது எங்க?” என்று மட்டும் கேட்டாள். பழைய படியை இறக்கியதில் அழிந்துபோனதைச் சொன்னேன். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அதுவரை வெட்கம்தான் பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உண்மையாகவே வலித்தது.

அதன்பிறகு தினமும் வேலை முடிந்ததும் சொந்தக்காரர்களிடம் படங்களை மறுபடி கேட்டு வாங்குவது என் பொறுப்பானது. முதலில் அந்தக் குளிர்ப்பெட்டியைச் செய்து காட்டினால்தான் படம் என்றார்கள். பெரியத்தைக்கு இரண்டு தடவை செய்து காட்டினேன். யோகா பொறுமையாக எல்லாவற்றையும் திரும்பக் கோத்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் போட்டுக் காட்டினோம். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நல்லா இருக்கும்மா என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த இன்னொண்ணு இருக்கா?” என்றார்.

இப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் யாராவது பழைய சண்டையைக் கிளறினால் ஒரே ஒரு வார்த்தைதான். போன தீபாவளிக்குக்கூட, அத்தையின் தம்பி கல்யாணத்தில் தன்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை என்று மாமா எந்தக் காலத்துக் கதையையோ தொடங்கினார். கணினியைத் தொட்டே பார்த்திராத அத்தை முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னார்:

“ரிஸ்டோர் பண்ணாதீங்க. இருக்கறதும் போயிரும்.”