நாலு நிமிடம் யாரும் நிற்கக் கூடாது

காரை பூசாத கிறிஸ்தவக் கோயில்களைத் தேடித் தேடிப் படமெடுக்கும் கலைச்செல்வியும், என் அக்காள் பெற்ற ஒரே தவப்புதல்வியும், தற்சமயம் ஒற்றைக் காலை மாவுக்கட்டோடு தலையணைச் சிம்மாசனத்தில் ஏற்றியிருப்பவளுமான மருமகளுக்கு, தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் தொந்தியும் உன் அத்தையும் அந்த வரிசையிலேயே நலம். உன் நலம் உன் எலும்பு டாக்டரைப் பொறுத்தது. போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ குறுக்குக் கேள்வி கேட்பாய். கடிதம் என்றால் கடைசி வரை வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆகவேண்டும். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: வெற்றி. உன் புத்தகத்தின் கடைசிப் படம் எடுத்தாகிவிட்டது. அதில் மருந்துக்குக்கூட ஒரு மனிதன் கிடையாது.

மற்ற கான்கிரீட் கோயில்களையெல்லாம் எடுத்து முடித்துவிட்டு, கடைசிக்கு முந்தைய கோயிலில் "இன்னும் கொஞ்சம் அகலமா வேணும்" என்று பின்னாலேயே நடந்து பாடகர் மேடையிலிருந்து கீழே விழுந்தவள் நீ. விழும்போதும் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காலைத் தியாகம் செய்தாயாம். உன் அம்மா அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு நம் வம்சத்தை நினைத்துப் புல்லரித்தது. மிச்சமிருந்தது இந்த ஒரு கோயில். அதற்கும் எமன் வர்ண டப்பாவோடு வாசலில் வந்து நின்றான். மறுநாள் காலை உள்சுவர் முழுக்க ரோஜா நிறம் அடிக்கப் போகிறார்கள். பலகை அடைத்து வார்த்த சுவரென்றும், பலகையின் ரேகை அப்படியே கான்கிரீட்டில் பதிந்திருக்கிறதென்றும், வர்ணம் ஏறினால் அந்த அழகு அதோடு செத்ததென்றும் நீ படுக்கையில் கிடந்து பிலாக்கணம் வைத்தாய். "சாயங்கால வெயில் பீடத்துக்கு மேல இருக்கிற இடுக்கு வழியா இறங்கும் மாமா. அப்போ கேமரா ஷட்டரை நாலு நிமிஷம் திறந்து வைங்க, உள்ள அவ்வளவு இருட்டு. நடக்கிறவங்க படத்துல விழமாட்டாங்க, நிக்கிறவங்கதான் விழுவாங்க. ஒரு ஆள் விழுந்தாலும் புத்தகத்துல சேர்க்கமாட்டேன்" என்றாய். அதை வேதவாக்காகத் தலையில் தாங்கிக்கொண்டு, உன் முக்காலியைத் தோளில் தாங்கிக்கொண்டு, படையெடுத்துச் செல்லும் சக்கரவர்த்தியைப் போலப் பேருந்தில் நின்றுகொண்டே போனேன்.

உள்ளே நுழைந்ததும் எனக்குத் தோன்றியதை உன்னிடம் மறைக்கமாட்டேன்: பணம் தீர்ந்துபோய்ப் பாதியில் விட்ட பஸ் ஸ்டாண்டு. அண்ணாந்து பார்த்தேன், கழுத்து அங்கேயே மாட்டிக்கொண்டது. ஒரு தும்மல் போட்டேன். அது மேலே போய், நாலு சுவரிலும் விசாரித்துவிட்டு, நான் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்த பிறகு பிஷப் குரலில் திரும்பி வந்தது. முக்காலியைப் பிரித்தால் இரண்டு கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது, மூன்றாவது உன்னைப் போல. அதோடு மல்லுக்கட்டி நிமிர்ந்து பார்த்தால் கோயில் நிறைய ஆள். சாரக் கம்புகளை இழுத்து வருகிற பெயிண்டர், பூ ஜாடி மாற்றுகிற அம்மாள், பெருக்குகிறவர்கள், பாட்டுப் பயிற்சிக்கு வந்த கூட்டம், அதற்குத் தலைவி. ரோஜா நிறத்தின் தாயும் தந்தையும் இந்தத் தலைவிதான். இந்த அழகான சுவரை ஏனம்மா மூடுகிறீர்கள் என்று தேனொழுகக் கேட்டேன். "இங்க எடுக்கிற கல்யாண போட்டோல பொண்ணும் மாப்பிள்ளையும் மழைக்குப் பாலத்துக்கு அடியில ஒதுங்கின மாதிரி தெரியறாங்க" என்றார். பெயிண்டருக்கோ சுவரைப் பார்க்கப் பார்க்க ரத்தம் கொதித்தது. பூசாமல் விட்டுவிட்டு ஓடின கொத்தனாரின் விலாசத்தை என்னிடமே கேட்டார்.

எல்லாரையும் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பும்படி ஃபாதரிடம் மன்றாடினேன். ஒல்லியான, சாதுவான மனிதர். "வெளிய போங்கன்னு சொல்ல இது என் வீடு இல்லீங்க. வீட்டுக்காரர் இதுவரைக்கும் யாரையும் அப்படிச் சொன்னதில்ல" என்று சிரித்துவிட்டார். இதற்குள் வெயில் இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டது. அப்போதுதான், மருமகளே, உன் மாமனின் மூளை மண்டைக்குள் மின்னலாய் ஒரு சுற்று சுற்றியது. நடக்கிறவன் விழமாட்டான் என்றால், எல்லாரும் நடந்துவிட்டால்? ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, இந்த நாலு நிமிடம் யாரும் நிற்கக் கூடாது, உட்காரக் கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும், நான் மட்டும் படத்துக்கு வெளியே இருப்பதால் எனக்கு விதிவிலக்கு என்று பிரகடனம் செய்தேன்.

"நின்னா என்ன ஆகும்?" என்றார் பெயிண்டர்.

"காலத்துக்கும் இதே சுவத்துல நிப்பீங்க" என்றேன்.

முதல் அடி எடுத்து வைத்தவர் அவர்தான்.

உன் ரிமோட்டை அழுத்திவிட்டு ஓடிப்போய் பீடத்துப் பக்கம் ஓரமாக, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். அங்கிருந்துதான் எல்லாரையும் மேய்க்க முடியும். வெள்ளைச் சட்டைக் கைகளை மேலும் கீழும் வீசி, நாற்சந்திப் போலீஸ்காரனைப் போல, வாங்க வாங்க, போங்க போங்க என்று விரட்டினேன். செருப்பை வாசலில் விட்டிருந்தேன். தரையோ பனிக்கட்டிக்குப் பெரியப்பன், ஒரு காலில் நின்றால் மறுகால் அழுதது. கம்பைத் தோளில் வைத்தபடி பெயிண்டர் நடக்கிறார், துடைப்பங்கள் நடக்கின்றன, பூ ஜாடி நடக்கிறது, கடைசியில் ஃபாதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார். இந்தக் கோயிலில் பிரசங்கத்துக்கு நடுவிலேகூட இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நடந்திருக்க மாட்டார்கள். தலைவி மட்டும் சுவரோரம் தயங்கினார். நிற்காதீர்கள் என்று கத்தினேன். "நிக்கலீங்க, மெதுவா நடக்கறேன்" என்றவர், சுவரைத் தடவிப் பார்த்து, "இதுல மரத்தோட கணுகூட இருக்கே" என்றார். பாவம், இத்தனை வருடம் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாடியிருக்கிறார்.

முடிந்தது. கேமராவின் கட்டைவிரல் அகலத் திரையில் பார்த்தேன்: வெறுங்கோயில். ஒரு துடைப்பம்கூட இல்லை. பீடத்துப் பக்கம் வெயில் மட்டும் தாமரைபோல் விரிந்திருந்தது. ஆசையாகக் கேட்ட ஃபாதருக்கும் தலைவிக்கும் அங்கேயே படத்தைப் போனில் அனுப்பிவிட்டு, இனியாவது வர்ணத்தைக் கைவிடக் கூடாதா என்றேன். தலைவி பெருமூச்சு விட்டார். கமிட்டி முடிவாம், டப்பாவும் திறந்தாயிற்றாம். ஆகவே நாளை முதல் அந்தச் சுவர் உன் புத்தகத்தில் மட்டும்தான் உயிர்வாழும், அதுவும் என் தயவில். அட்டையில் உன் பெயரைவிட என் பெயர் ஒரு நூல் பெரிதாக இருந்தால் போதும், எனக்குப் பேராசை கிடையாது. உன் எலும்பு ஒட்டுக, உன் லென்ஸில் தூசி ஒட்டாதிருக்க, இனி நீ பின்னால் நடக்கும் இடமெல்லாம் பஞ்சு மெத்தையாகுக என வாழ்த்தி, உன் அம்மாவுக்கு என் வணக்கத்தையும், அவள் சமையலைப் பற்றிய என் கருத்தைத் தவிர்த்த மற்ற அன்பையும் தெரிவிக்கும்,

உன் மாமன்.

பி.கு.: நலம் விசாரித்ததைத் தவிர மேலே எழுதிய அத்தனையையும் மறந்துவிடு. மறுநாள் கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் உன் அத்தை படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, "யாருமில்லேன்னீங்களே, அப்ப இது யாரு?" என்றாள். நான் ஓரம் என்று நினைத்த இடம் உன் அகல லென்ஸுக்கு நடுக்கூடமாம். இடுக்கின் கீழே ஓர் உருவம். முகம் வெயிலில் கரைந்து வெறும் ஒளி. வீசிய கைகள் இரு பக்கமும் வெள்ளை இறக்கைகளாக விரிந்திருக்கின்றன. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அசையாமல் நின்று பதிவானது தொந்தி ஒன்றுதான். நீ இதைப் புத்தகத்தில் சேர்க்கமாட்டாய், தெரியும்.

ஆனால் அதற்குள் தலைவியின் போனிலிருந்து படம் ஊரெல்லாம் பறந்துவிட்டது. சுவரைக் காக்க வானதூதர் வந்தார் என்கிறார் அவர். அந்த மாமா நின்ற இடமாச்சே என்று யாரோ கேட்டதற்கு, "அவர் படத்துக்கு வெளியதான் நின்னார், அவரே சொன்னாரே" என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். பெயிண்டர் இறக்கையைப் பார்க்கவே இல்லை. "கால் இல்லாதது தூதரா இருந்தா என்ன, வேற எதுவா இருந்தா என்ன, நான் சாரத்துல ஏறமாட்டேன்" என்று கம்புகளோடு போய்விட்டார். திறந்த டப்பாக்களை வீணாக்கக் கூடாது என்று கமிட்டி ஃபாதரின் படுக்கையறைக்கு ரோஜா நிறம் அடிக்கிறது. சுவர் அப்படியே இருக்கிறது, மருமகளே, கணுவும் ரேகையுமாக.

இப்போதுதான் ஃபாதர் போன் செய்தார். "தொந்தியை நான் பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டேங்க. இதுவரைக்கும் என்னை யாரும் கேக்கல. கேட்டா பொய் சொல்லமாட்டேன். அதனால உங்க மருமகளைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க."

கட்டுப் பிரித்த அன்றே கிளம்பிவிடு. முக்காலியை நானே தூக்குகிறேன். இந்த முறை நானும் நடக்கிறேன்.