பஸ் ஸ்டாண்டில் மணிமேகலை

“எத்தனை மணிக்கு எடுக்குறீங்கண்ணே?” பக்கத்துக் கடை ஆத்மநாதனின் குரல் தழுதழுத்தது.

“எதை?” என்றார் உரக்கடை ரகுநாத், ஷட்டரைத் தூக்கியபடியே.

“மதினியத்தான். இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல படத்தைப் பாத்தேன். மனசே ஆறலண்ணே.”

ரகுநாத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மனைவி மணிமேகலை சற்று முன்புதான் அவருக்கு உப்புமா வைத்து, உப்பு போதுமா என்று கேட்டிருந்தாள்.

வினை கார்த்திகா ரூபத்தில் வந்தது. திருச்சியிலிருந்து இலுப்பூருக்கு வந்த ஓவியர் அவள். கண்ணெதிரே இருந்தும் நாம் கவனிக்காதவர்களை ஊரே சேர்ந்து கவனிக்க வைப்பதுதான் அவளுடைய கலையாம். வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “தினமும் பாக்குறீங்க, ஆனா கவனிக்கிறதில்ல. அப்படி ஒருத்தரோட போட்டோ குடுங்க, பெருசா ஃப்ளெக்ஸ் அடிச்சு வைப்போம்” என்றாள். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுபவரைச் சொன்னார். இன்னொருவர் கடைவாசல் நாயைச் சொன்னார். ரகுநாத் எழுந்து, “என் வீட்டம்மா” என்றதும் கைதட்டல் பறந்தது.

கைதட்டலுக்காக மட்டும் சொல்லவில்லை, பாவம். கொஞ்ச நாளாகவே மணிமேகலை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இதைப் பார்த்தாவது ஒரு தடவை முகம் மலர மாட்டாளா என்று மனுஷனுக்கு உள்ளூர ஆசை.

வீட்டுக்கு வந்து செல்போனைக் குடைந்தார். உரமூட்டைப் படம் இருந்தது. கட்சித் தலைவருக்குப் பின்னால் அவரே எட்டிப் பார்க்கும் படம் இருந்தது. மனைவியின் படம் தனியாக ஒன்றுகூட இல்லை. இருபது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில் கிரகப்பிரவேச குரூப் போட்டோ ஒன்று சிக்கியது. வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி மாம்பழக் கலர் பட்டுக் கட்டி வரிசையாக நின்றார்கள். அதில் சிரித்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்து அனுப்பிவிட்டார்.

ராத்திரியே பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் ஏறியது. ஒரு பெண்ணின் முகம், கீழே ‘உரக்கடை மணிமேகலை’ என்று பெயர். மேலே தலைவர் படமும் இல்லை, காதுகுத்து என்ற சேதியும் இல்லை. அப்படியொரு ஃப்ளெக்ஸுக்கு நம் ஊர்ப்பக்கம் ஒரே அர்த்தம்தான். விடிவதற்குள் யாரோ புண்ணியவான் ரோஜா மாலையும் போட்டிருந்தார்.

ஆத்மநாதன் சொன்னதைக் கேட்டு ஓடிவந்து பார்த்த ரகுநாத், பதறிப்போய் கார்த்திகாவுக்குப் போன் போட்டார்.

“மாலையா? சூப்பர் சார்! மக்கள் பங்கெடுக்குறாங்க பாருங்க. கழட்டிறாதீங்க!”

சரி, ஒரு வரி சேர்த்தால் புரிந்துவிடும் என்று, ‘இன்றும் நம்மோடு வாழ்கிறார்’ என அடித்து ஒட்ட வைத்தார். அதைப் படித்த இரண்டு பெண்கள் வாய்விட்டே அழுதார்கள்.

படத்தடியிலேயே நின்று, “நல்லாருக்கா, வீட்டுலதான் இருக்கா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

“இவரைத் தனியா விட்டுறாதீங்கப்பா” என்று பழக்கடைக்காரர் அவரைப் பிடித்து உட்கார வைத்து சோடா கொடுத்தார்.

ஜோடியாகப் போட்டால் கல்யாண நாள் என்று நினைப்பார்கள் அல்லவா? தன் படத்தையும் பெரிதாக்கிப் பக்கத்தில் ஒட்டினார். மத்தியானத்துக்குள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே கீரனூர் ரோட்டில் ஆக்ஸிடெண்டில் போய்விட்டதாக ஊர் முடிவு கட்டியது. சங்கத்து ஆள் ஒருவர் கடை கடையாக வந்து, “உரக்கடைக்காரர் தவறிட்டாரு, ஷட்டரை இறக்குங்க” என்று கடைக்குத் திரும்பியிருந்த ரகுநாத்திடமே சொல்லிவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த கடைக்குப் போனார்.

வீட்டுக்கு ஓடிப் பார்த்தால், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கியிருந்தன. ஃப்ரீசர் பெட்டிக்காரர் எங்கே வைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு நடுவே மணிமேகலை இடுப்பில் கைவைத்து நின்றாள். காலையில் அவர் கடைக்குக் கிளம்பியதும் பால் வாங்கப் போனவள், அப்போதே படத்தைப் பார்த்துவிட்டிருந்தாள்.

“ஏங்க, நல்லாப் பாத்துத்தான் அந்தப் படத்தைக் குடுத்தீங்களா?”

“பாத்துத்தான் குடுத்தேன் மணி. எம்புட்டு லட்சணமா இருக்கு!”

“படத்துல இருக்குறவ லட்சணமாத்தான் இருக்கா” என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

உயிரோடு இருப்பவளுக்கு மாலை விழுந்தால் கோபம் வராதா? ரகுநாத்துக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஊரார் முன்னால் கைகூப்பினார்.

“மணி, இத்தனை வருஷம் ஒன்னைக் கவனிக்காம இருந்தது எந் தப்புதான். போட்டோ தேடும்போதுதான் ஒறைச்சுச்சு. இனி அப்படி இருக்க மாட்டேன். என்னை மன்னிச்சிரு.”

கூட்டம் இளகிவிட்டது. ஒப்பாரி வைக்க வந்தவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “பொண்டாட்டிகிட்ட இப்படிக் கேக்குறவர் உண்டா?” என்று ஆத்மநாதன்கூட மூக்கை உறிஞ்சினார். இனிமேலாவது சிரித்துவிடுவாள் என்று ரகுநாத் ஆசையோடு அவள் முகத்தைப் பார்த்தார்.

அப்போது தெருமுனையிலிருந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடிவந்தான் திருப்பதி. மணிமேகலையின் தங்கை சுகுணாவின் புருஷன். துக்கச் செய்தி கேட்டுக் குடுமியான்மலையிலிருந்து பஸ் ஏறி, நேரே பஸ் ஸ்டாண்டில் இறங்கி வந்திருந்தான். வாசலில் நின்ற மணிமேகலையை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ரகுநாத்தைப் பார்த்தான்.

“சகல, மதினி நல்லாத்தான இருக்காங்க? அப்புறம் எதுக்கு எம் பொண்டாட்டி படத்தை அங்கிட்டு வச்சு மாலை போட்டிருக்கீங்க?”