மோதிரம் கண்ட ஒன்பது பேய்கள்

"மாமா, புத்தகத்தை மூடி வச்சா உள்ள இருக்கிற பேய்க்கு மூச்சு முட்டாதா?"

தையல்காரம்மாவின் மகள் ஆறு வயதில் இப்படிக் கேட்டாள். கேட்டது நூலகத்தின் பின்னறையில், கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போடுகிறவரிடம். கையில் எந்நேரமும் பசை ஒட்டியிருப்பதால் பிள்ளைகளுக்கு அவர் பசை மாமா. அவர் ஊசியை நிறுத்தினார். கேள்விக்கு மரியாதை கொடுத்து யோசித்தார்.

"முட்டும் பாப்பா. அதனாலதான் யாராவது அப்பப்ப திறந்து படிக்கணும்."

அந்தப் பதிலை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த எட்டு வருடங்களில் எத்தனையோ பேய்களுக்குக் காற்று வாங்கிக் கொடுத்தாள். பதினான்கு வயதில் அவள் கைக்கு வந்தது ‘ஏழு கதவு அரக்கன்’. மொத்தம் ஏழு பாகம். பாதாளத்தில் ஏழு கதவுகள், கதவுக்கு ஓர் அரக்கன், எல்லாக் கதவுக்கும் சாவி வைத்திருக்கும் ஒரு சிறுமி. நாலாம் பாகத்தில் வரும் மூன்று நாக்கு அரக்கன், தான் செய்த பாவத்தை நினைத்து இருபது பக்கம் அழுவான். படித்த பிள்ளைகளும் கூடவே அழுதார்கள். படிக்காத பெரியவர்கள்தான் பயந்தார்கள். அட்டைப் படம் அப்படி.

அந்த வருடம்தான் அவளுக்குத் தலைவலி வந்தது. எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது என்றாள். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது சின்ன வயதிலிருந்து அவள் வேலை. இப்போது நூல் ஊசியின் காதைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. பள்ளி நோட்டில் ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரி எழுதி வைத்தாள்.

"புத்தகத்துல இருந்த பேய் வெளிய வந்துடுச்சு" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. அந்த அத்தை புத்தகம் என்று கடைசியாகத் தொட்டது ரேஷன் புத்தகத்தை.

இப்படி ஒரு வீடு பயந்தால், அந்தப் பயத்தைக் குத்தகைக்கு எடுக்க ஓர் ஆள் எங்கிருந்தோ வந்துவிடுவார். வந்தார்.

காலியாகக் கிடந்த மரச்சாமான் கடையில் இடம் பிடித்தார். காலை ஆறு மணிக்கே வாசலில் வரிசை. ஆளுக்கொரு பை. பைக்குள் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிய புத்தகங்கள். சனங்கள் அவரை ‘ஐயா’ என்றார்கள். நாம் மோதிரக்காரர் என்போம். ஏனென்றால் அவருடைய ஞானம் முழுவதும் ஒரு மோதிரத்தில் இருந்தது. புத்தகத்தை மூடியபடி மேசையில் வைப்பார். சிவப்பு நூலில் கட்டிய மோதிரத்தை அதன் மேல் தொங்கவிடுவார். மோதிரம் சும்மா நின்றால் நல்ல புத்தகம். வட்டமடித்தால் பேய். எத்தனை வட்டமோ அத்தனை பேய். அதே சிவப்பு நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சில் மெழுகு வைத்து, "இனி இதைத் திறக்கவே கூடாது" என்று திருப்பிக் கொடுப்பார். பேய் ஒன்றுக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதியிருந்தது. அந்தப் பலகையை மட்டும் சனங்கள் கவனமாகப் படித்தார்கள்.

தடித்த புத்தகத்தில் பேய் அதிகம் இருந்தது. கவிதைப் புத்தகத்தில் குறைவு. ஒருவர் கொண்டுவந்த அகராதியில் இருபத்திரண்டு.

"இருக்காதா பின்ன? எவ்வளவு சொல்லு!" என்று வரிசையில் ஒருவர் வியந்தார்.

தையல்காரம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். மோதிரம் நாலாம் பாகத்தின் மேல் சுற்றியது. பெண்ணின் தலைக்கு மேல் அதைவிட வேகமாகச் சுற்றியது.

"மூணு நாக்கு அரக்கன் கண்ணு வழியா உள்ள போயிருக்கான்" என்றார் மோதிரக்காரர். "கண்ணைக் கட்டணும். நாப்பது நாள். புத்தகம் ஆகாது. பள்ளிக்கூடம் ஆகாது."

"ஐயா, இன்னும் பதினெட்டு நாள்ல பெரிய பரீட்சைங்க. அதை விட்டா மேல படிக்க முடியாதுங்க."

"அப்ப அரக்கனையே பரீட்சை எழுதச் சொல்லிடலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரம்மா சிரிக்கவில்லை. பகலெல்லாம் மிதிக்கும் இயந்திரத்தை மகளும் மிதிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் அவள் மிதித்துக்கொண்டிருந்தாள். ஆனால் பெற்ற வயிற்றில் பயத்தை வைத்துவிட்டால் அறிவு வாசலோடு திரும்பிவிடும்.

கண்ணையும் புத்தகத்தையும் கட்டுவது ஞாயிற்றுக்கிழமை, நூலகத்திலேயே, ஊர் பார்க்க என்று முடிவாயிற்று. அதே கையோடு பிள்ளைகள் அறையையும் பூட்டிவிடலாம் என்றார் நூலகக் குழுவின் தலைவர். நூலகர் அம்மா விடவில்லை.

"நீங்க ஒரு பாகமாவது படிச்சுப் பாத்தீங்களா சார்?"

"பேய்ப் புத்தகத்தை நான் எதுக்கும்மா படிக்கணும்?"

"படிக்காம, பேய்ப் புத்தகம்னு எப்படித் தெரிஞ்சது?"

"அதான் அட்டையிலயே போட்டிருக்கே!"

தலைவர் பக்திமான். தன் பிரார்த்தனைப் புத்தகம் தினமும் படித்துப் படித்தே நைந்துபோனதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் புது அட்டை வேண்டும் என்று பசை மாமாவிடம் கொடுத்திருந்தார். பிரித்துப் பார்த்த பசை மாமாவுக்கு உண்மை தெரியும். முதல் பக்கத்துக்குப் பிறகு எல்லாப் பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உள்ளே போய் வந்தது பூச்சி மட்டும்தான். அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனிதர்களின் பக்தியை அளப்பது தன் வேலை இல்லை என்பது அவர் எண்ணம்.

சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் பின்னறைக்கு வந்தாள். முதுகு விட்டுப்போன நாலாம் பாகத்தை மேசையில் வைத்தாள்.

"நாளைக்குக் கண்ணைக் கட்டிடுவாங்க மாமா. அதுக்குள்ள திருப்பிக் கொடுத்துடலாம்னு வந்தேன். கடைசி அத்தியாயம் இன்னும் படிக்கல. எறும்பு ஊருது."

பசை மாமா அவளைப் பார்த்தார். புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினாள். அந்தச் சுருக்கத்தை அவர் பத்து வருடம் முன்பு தன் முகத்தில் பார்த்திருந்தார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அதன் ஒரு கால் உடைந்து, அட்டை தைக்கும் நூலால் கட்டியிருந்தது.

"இதைப் போட்டுப் பாரு."

போட்டாள். கண்ணாடி மூக்கில் வழுக்கியது. புத்தகத்தைக் கிட்டே இழுத்துத் திறந்தாள்.

"மாமா... எறும்பெல்லாம் நின்னுடுச்சு."

"பேயும் நிக்குதா பாரு."

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்ல. எடுத்துட்டுப் போய் அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டு. இது என் கண்ணுக்குச் செஞ்சது, உனக்குச் சரியா இருக்காது. கண் டாக்டரைப் பாத்து உனக்குன்னு ஒண்ணு வாங்கு."

"அதுவரைக்கும் உங்களுக்கு?"

"இத்தனை வருஷம் செஞ்ச வேலை. விரலுக்கே கண்ணு இருக்கு."

விரலுக்குக் கண் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது. தாள்களைத் தனியாகத் தைத்து, அட்டையைத் தனியாகச் செய்து, கடைசியில் இரண்டையும் ஒட்டுவதுதான் அட்டை போடும் முறை. பிரார்த்தனைப் புத்தகமும் நாலாம் பாகமும் ஒரே அளவு, ஒரே தடிமன். பசை மாமா தடவிப் பார்த்து ஒட்டினார். கனமான பலகைக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் மகள் அம்மாவுக்கு இரண்டு பக்கம் தடுக்காமல் வாசித்துக் காட்டினாள். தாய் மனம் ஆடியது. மறுநாள் காலை கண்ணாடியைக் காட்டி மோதிரக்காரரிடம் கேட்டாள். "அரக்கன் தனக்கு ஜன்னல் வச்சுக்கிட்டான். தூக்கிப் போடு" என்றார் அவர். அவள் தூக்கிப் போடவில்லை. கைக்குட்டையில் சுற்றி, கத்தரிக்கோல் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டாள். பயந்திருந்தாலும் அடுத்தவர் பொருளை எறிய அவளுக்குக் கை வராது.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நிற்க இடமில்லை. திறந்த நாளிலிருந்து அவ்வளவு கூட்டம் அங்கே படிக்க வந்ததில்லை. நடுவில் நாற்காலி போட்டு அந்தப் பெண்ணை உட்கார வைத்தார்கள். மோதிரக்காரர் அவள் கண்ணில் கறுப்புத் துணியைக் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டார். மூன்று நாக்குக்கு மூன்று முடிச்சு. கணக்கில் மனிதர் சுத்தம்.

பிறகு நாலாம் பாகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அட்டையில் அரக்கன் மூன்று நாக்கையும் நீட்டிக்கொண்டிருந்தான். மோதிரம் சுழன்றது, சுழன்றது, விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சுழன்றது.

"ஒன்பது! என் வாழ்நாள்ல இவ்வளவு பார்த்ததில்ல!"

கூட்டம் ஓரடி பின்னால் போனது. அடுத்து, தலைவரின் பிரார்த்தனைப் புத்தகம். பொன் எழுத்து போட்ட புது அட்டை. மோதிரம் கல்லாக நின்றது. கூட்டம் கைகூப்பியது. மோதிரக்காரர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, அந்தப் பெண்ணின் தலையில் வைத்து எடுத்து, தலைவரிடம் நீட்டினார்.

"உங்க வாயால ஒரு பக்கம் படிங்க. அரக்கன் அலறிட்டு ஓடுவான்."

தலைவர் தொண்டையைச் செருமி, புத்தகம் திறந்த இடத்தில் கணீரென்று தொடங்கினார்.

"‘என் மூன்றாவது நாக்கு பொய் சொல்லாது, சிறுமியே! கதவைத் திற, உன் எலும்பை எண்ணிக் காட்டுகிறேன்’ என்று அரக்கன்..."

நிறுத்தினார். ஒரு தாளைத் திருப்பினார். அங்கேயும் அரக்கன்.

"இது எந்தப் பிரார்த்தனைங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நாலாம் பாகம், பன்னிரண்டாவது அத்தியாயம்" என்றாள் கண் கட்டிய பெண்.

நூலகர் அம்மா மற்றதைத் திறந்து பார்த்தார். "பிரார்த்தனை இதுலதான் இருக்கு. ஒன்பது பேய்ப் புத்தகத்துல."

பசை மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "தப்பு என்னுதுங்க. நேத்து கண்ணாடி இல்லாம ஒட்டினேன். அட்டை மாறிப் போச்சு."

அவர் வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டியவர் வெட்கப்படவில்லை. "பாத்தீங்களா!" என்று கையை உயர்த்தினார் மோதிரக்காரர். "என் கண் முன்னாடியே தாவிட்டான்! இந்தப் புத்தகத்திலேர்ந்து அந்தப் புத்தகத்துக்கு!"

"ஆ!" என்றது கூட்டம். நம்புவது என்று உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கக் கால் வராது.

"தாவினா தாவட்டும்" என்றார் பசை மாமா. "அட்டையைப் பாக்காமலும் உங்க மோதிரத்துக்குப் பேய் தெரியுமில்லைங்களா?"

"மோதிரத்துக்கு அட்டை எதுக்குய்யா?"

"அப்ப ஒரு நிமிஷம்."

பின்னறைக்குப் போனவர் ஆறு பொட்டலங்களோடு வந்தார். ஆறும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி மூலை மடித்தவை. ஒன்றுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் கிடையாது. மேசையில் வரிசையாக வைத்தார். மோதிரக்காரர் பொட்டலத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாசலில் பக்கத்து வீட்டு அத்தை அடைத்துக்கொண்டு நின்றாள்.

முதலாவதில் மூன்று பேய். இரண்டாவது சுத்தம். மூன்றாவதில் ஏழு. நாலாவதில் ஒன்று, அதுவும் குட்டி. ஐந்தாவது சுத்தம். ஆறாவதில் ஐந்து.

நூலகர் அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து, விரித்துக் காட்டினார். வெள்ளைத் தாள். ஆறிலும் வெள்ளைத் தாள்.

"போன வாரம் தைச்சு வச்ச நோட்டுங்க" என்றார் பசை மாமா. "இன்னும் யாரும் ஒரு எழுத்துகூட எழுதல."

"அதெப்படிங்க, எழுதாத தாள்ல பதினாறு பேய்?" என்றார் அகராதிக்காரர்.

"இடம் பிடிச்சு வச்சிருக்கும், பஸ்ஸுல துண்டு போடற மாதிரி!" என்றார் இன்னொருவர். சிரிப்பு சுவரில் மோதித் திரும்பியது.

"கடவுள் நம்பிக்கை இல்லாத இடத்துல மோதிரம் வேலை செய்யாது!" என்று கத்தினார் மோதிரக்காரர்.

"தினமும் கும்பிட்டுட்டுத்தான் ஊசியை எடுக்கிறேன்" என்றார் பசை மாமா மெதுவாக. "கடவுளை நம்புறேங்க. உங்க விரலைத்தான் நம்பல. கண்ணு அட்டையைப் பாக்குது, விரல் ஆடுது. அவ்வளவுதான்."

அப்போது தையல்காரம்மா எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, மூன்று முடிச்சையும் ஒரே வெட்டாக வெட்டினாள். கைக்குட்டையைப் பிரித்து மகளுக்குக் கண்ணாடியை மாட்டினாள். ஒன்பது பேய்ப் புத்தகத்தை அவள் மடியில் வைத்தாள்.

"வாசிம்மா."

மகள் வாசித்தாள். "‘இறைவா, நாங்கள் அறியாமல் செய்கிற தீமையிலிருந்தும், அறிய மறுத்துச் செய்கிற தீமையிலிருந்தும் எங்களைக் காப்பாற்று.’"

ஓர் எழுத்தும் ஊரவில்லை. தலைவர் முதல் முறையாகத் தன் பிரார்த்தனைப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைக் கேட்டார்.

மோதிரக்காரர் அன்றே கிளம்பினார். மேசைக்கு அடியில் உருண்டு கிடந்த மோதிரத்தைப் பசை மாமா எடுத்துக் கொடுத்தார். நூலகர் அம்மா ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார். ஏமாற்றுகிறவனுக்கும் தாகம் எடுக்கும்.

கொடுத்த பணத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் ஏமாந்தது வெளியே தெரிந்துவிடுமாம். சிவப்பு நூல் கட்டிய புத்தகங்கள் பல வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கின்றன. "அவிழ்த்துடலாமே?" என்றால், "இருக்கட்டும், எதுக்கு வம்பு" என்கிறார்கள். புத்தகத்துக்குள் பேய் இருந்தால் மூடி வைக்கலாம், ஐயா. தலைக்குள் இருந்தால் திறந்துதான் ஆகவேண்டும்.

கண் டாக்டர் பார்த்து, கண்ணாடி செய்து வருவதற்குப் பத்து நாள் ஆயிற்று. அதுவரை அந்தப் பெண் பசை மாமாவின் கண்ணாடியோடுதான் பரீட்சைக்குப் படித்தாள். "உங்க கண்ணாடி எங்க?" என்று கேட்டவர்களிடம், "எங்கயோ வச்சுட்டேன்" என்றார் அவர். நூலை எச்சில் தொட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓர் ஊசி கோக்கப் பத்து முறை குத்தினார். இந்த முறை அட்டைகளைச் சரி பார்க்க மட்டும் நூலகர் அம்மாவைக் கூப்பிட்டார்.

பரீட்சை தொடங்கிய நாள் காலை அவர் பின்னறையைத் திறந்தபோது யாரும் இல்லை. ஜன்னல் கதவு மட்டும் சற்றே விலகியிருந்தது. மேசையில் அவருடைய கண்ணாடி மடித்து வைத்திருந்தது. உடைந்த காலில் நூல் இல்லை, புதுத் திருகாணி இருந்தது. பக்கத்தில் ஊசி குத்தி வைக்கும் பஞ்சுமெத்தை. அதில் அவருடைய பன்னிரண்டு ஊசிகளும் நின்றன. பன்னிரண்டிலும் நூல் கோத்து, மெழுகு பூசி, ஒரே நீளத்தில் முடிச்சுப் போட்டிருந்தது.

கடிதம் எதுவும் இல்லை. பசை மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு கும்பிட்டுவிட்டு, முதல் ஊசியை எடுத்தார்.