கழுத்தில் தொங்கிய பைனாகுலர்

"இன்னிக்கு என்ன பறவைங்க பாத்தீங்க?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் திருதிருவென்று விழித்தார். "ம்ம்... சாம்பல் கலர்ல ஒண்ணு."

"பேரு?"

"அதுகிட்ட கேக்கலியே!"

அவர் கழுத்தில் பைனாகுலர் ஆடியது. அவள் அதையே முறைத்துப் பார்த்தாள். டீச்சர் வேலை முடிந்த நாள் முதல் துப்பறியும் கதைகளிலேயே குடியிருப்பவள். அந்தக் கதைகளில் பறவை பார்க்கக் கிளம்புகிற ஆளை மட்டும் நம்பவே கூடாது. பைனாகுலர் கிளையைப் பார்க்கும். கண் எதிர்வீட்டு ஜன்னலில் இருக்கும். பறவை வந்தாலே ஏதோ மறைக்கப்படுகிறது என்று அர்த்தம்.

தங்கைக்குப் போன் போட்டாள். "உங்க அத்தான் பறவை பாக்கப் போறாருடி!"

"ஐயோ! இது எத்தனாவது அத்தியாயம்?"

"விளையாடாதடி. இந்த மனுஷனையும் நம்ப முடியலன்னா, மிச்ச காலத்தை நான் யாரோட ஓட்டறது?"

"அப்ப பின்னாடியே போய்ப் பாரு."

மறுநாள் கறுப்புக் கண்ணாடியும் குடையுமாகப் பூங்காவுக்குப் பின்தொடர்ந்தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, பைனாகுலர் வழியே வெறும் மதில்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு காக்கை கூட இல்லை. புதருக்குள் புகுந்து எட்டிப் பார்த்தவளைத் தோட்டக்காரர் பிடித்துக்கொண்டார்.

"யாரும்மா அது, செடிக்குள்ள?"

குடையைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தாள்.

வீடு திரும்பிய கணவர் அந்தக் குடையை ஆணியில் மாட்டிவிட்டு, ஒன்றும் கேட்காமல் சிரித்தார். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் கொலைகாரன் சிரிப்பானே, அதே சிரிப்பு!

அவர் குளிக்கப் போனதும் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தாள். கும்மிருட்டு. உள்ளே எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்! ஸ்க்ரூடிரைவரால் ஒரு திருகு திருகினாள். கண்ணாடியும் வளையமுமாக மொத்தமும் மடியில் கொட்டியது. வேறு எதுவும் இல்லை.

அவளுக்கு அழுகை முட்டியது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவரை உட்காரவைத்து நேராக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்காமல் அவர் சாமானையும் உடைத்தாயிற்று.

வாரில் ஒட்டியிருந்த கடைப்பெயரைப் பார்த்துக்கொண்டு, துண்டுகளைப் பையில் வாரிப்போட்டு ஓடினாள்.

"தம்பி, அவருக்குத் தெரியறதுக்குள்ள சரி பண்ணிக் குடுப்பா. இதுல முன்ன மாதிரி பறவை தெரியணும்."

கடைக்காரர் பையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல எப்பம்மா பறவை தெரிஞ்சுது? ஒண்ணுமே தெரியாது சார்னு சொல்லித்தான் குடுத்தேன். 'தெரிய வேணாம்ப்பா, இதை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா என் சம்சாரம் கதைப் புத்தகத்தைக் கீழ வச்சிட்டு என்னைக் கொஞ்சம் பாப்பா'ன்னு வாங்கிட்டுப் போனாரு!"