நாற்பதாம் நாள் கோதுமை பற்றி தோன்கா அத்தைக்கு

மதிப்புக்குரிய தோன்கா அத்தைக்கு,

தெமெனுகா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும், மாமாவும் கோழிகளும் நலம் என்று நம்புகிறேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல், உண்மையாக எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்காத இடங்களிலும் அப்படியே.

போனில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, ஆஸ்பத்திரியில் யாராவது உங்கள் பெயரை எடுத்தார்களா என்று. எடுத்தார்கள், அத்தை. எடுத்தது நான்தான்.

உங்கள் தம்பி ஸ்பாஸ் சித்தப்பாவுக்கு இருப்பதை நீங்கள் எப்போதும் "வயிறு பலவீனம்" என்கிறீர்கள். வயிறு அல்ல. மீனோ பாலோ கோதுமையோ, அதிலுள்ள புரதத்தைச் சமாளிக்கும் சக்தி அவர் உடம்புக்குப் பிறவியிலேயே குறைவு. அளவு மீறினால் அது அம்மோனியாவாகி ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். தாத்தா இறந்த நாற்பதாம் நாள் விருந்தில், வேகவைத்த கோதுமையை வால்நட்டும் சர்க்கரையும் போட்டு நீங்கள் நீட்டியபோது அவர் வேண்டாமென்றுதான் சொன்னார். நீங்கள் எல்லார் முன்னாலும் அழுதீர்கள். "அப்பா ஆத்மாவுக்காக ஒரு வாய் திங்கக்கூட உனக்குக் கசக்குதாடா?" என்றீர்கள். அவர் தின்றார். மறுநாள் வாந்தி, குழறல், தள்ளாட்டம். எதிர்வீட்டுக்காரர், ராக்கியா சாராயம் அதிகமாகிவிட்டதென்று அவர் தோளைத் தட்டிச் சிரித்தார். பெரியவர்களுக்கான ஆஸ்பத்திரியிலும் அதையே சொல்லி, தெளியட்டும் என்று பெஞ்சில் படுக்கவைத்தார்கள். அப்பா லாரியோடு ஆஸ்திரியாவில் மாட்டிக்கொண்டதால் அம்மாதான் தனியாகக் கத்தினாள். நான் அம்மோனியா என்று சொன்னதற்கு அங்கிருந்த டாக்டர், எங்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் போல என்றார். கடைசியில் அம்மா, சித்தப்பாவைச் சின்ன வயதிலிருந்து பார்க்கும் டாக்டர் வெல்கோவாவைப் போனில் பிடித்து, அந்தப் போனை இந்த டாக்டரின் காதிலேயே வைத்து அழுத்தினாள். அப்புறம்தான் ஆம்புலன்ஸ் வந்தது.

இந்த வியாதி தெரிந்த குழு குழந்தைகள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. அதனால் தாடி நரைக்கத் தொடங்கிய சித்தப்பா, வாத்துப் படம் போட்ட கட்டிலில், கம்பி வழியாகக் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறார். வாசலில் ஒரு புது ஆள் என்னைத்தான் நோயாளி என்று நினைத்து, கையில் பட்டை கட்டி, எடை பார்த்துவிட்டு, குழந்தைக்கு என்ன செய்கிறது என்று சித்தப்பாவிடம் விசாரித்தார். "வாய் ஜாஸ்தி" என்றார் சித்தப்பா, குழறிக்கொண்டே.

பிறகு ஒவ்வொருவராக வந்து என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். டாக்டரிடம், தக்காளி சூப் மட்டும் என்றார். உணவு நிபுணர் இஸ்க்ராவிடம், மரியாதைக்கு ஒரு கரண்டி கோதுமை. நர்ஸ் ஸ்லாவ்காவிடம், ஒரு துண்டு மீனும்தான். மனநல ஆலோசகர் பிளாமெனிடம், அக்கா அழுததால் இரண்டு தட்டு. மருந்து கொடுக்கும் பெண்மணியிடம், மருந்து நாறும், விருந்தாளிகள் முன்னால் எப்படிக் குடிப்பது, அதனால் அன்றைக்கு விட்டுவிட்டேன் என்று. ஐந்து பேரும் வராந்தாவில் ஒட்டகச்சிவிங்கிப் படத்தின் கீழே நின்று கேட்டதையெல்லாம் ஒன்று சேர்த்தார்கள். நானும் அங்கேயே நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை.

"ஆளுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கான். எல்லாத்தையும் கூட்டினா உண்மை வருது," என்றார் டாக்டர் வெல்கோவா. இவ்வளவுக்கு வெறும் டிரிப் தாங்காது, ரத்தத்தை மிஷினில் கழுவ வேண்டும், உடனே என்றார். பரிமாறியது யார் என்று பிளாமென் கேட்டார். சொன்னேன்.

"அவங்களைக் கூட்டிட்டு வாம்மா. திட்டுறதுக்கு இல்ல. அடுத்த விருந்துக்கு முன்னாடி அவங்களும் நம்ம குழுவுல இருக்கணும்," என்றார் பிளாமென்.

"அடுத்த விருந்து யாருக்குன்னு முதல்ல பாப்போம்," என்றார் இஸ்க்ரா.

அன்றிலிருந்து சித்தப்பா கண் திறக்கவில்லை. மிஷின் ஓடுகிறது. எழுந்துவிடுவார், ஆனால் பழைய நினைவு எவ்வளவு திரும்பி வரும் என்று சொல்ல முடியாதாம். நீங்கள் வரவேண்டும், அத்தை. எதுவும் சமைக்காமல் வரவேண்டும். நீங்கள் அனுப்பிய கோழி சூப்பை இஸ்க்ரா நர்ஸுகளுக்குக் கொடுத்துவிட்டார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்கள்.

உங்கள் வீட்டில் எல்லாரையும் ஆண்டவர் காக்கட்டும். மாமாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உண்மையுள்ள,
தெமெனுகா

பின்குறிப்பு: இப்போதுதான் சித்தப்பா கண் திறந்தார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார், வாசித்துக் காட்டினேன். "எல்லாத்தையும் அடிச்சிடு," என்றார். "அக்கா கோதுமையால ஒண்ணும் ஆகல. அப்பாவும் என் பக்கத்துல உக்காந்து அதேதான் தின்னாரு. அவருக்கு என்ன ஆச்சு?" விருந்தே தாத்தா இறந்ததற்குத்தானே, அத்தை. உண்மையாக எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். டாக்டர் வெல்கோவாவைக் கூட்டிவந்து, சித்தப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. நர்ஸ் ஸ்லாவ்கா வார்டு விளக்குகளை அணைத்துவிட்டார்.